தேன்சிட்டுக்குத் தேன் மட்டும் போதாது

பங்குனி பிறந்தால் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கொல்லைகள் களைகட்டிவிடும். வேம்பு பூக்கும், மாமரத்தில் வடு தொங்கும், கேப்பர் மலைச் செம்மண்ணில் முந்திரி பழுக்கும். காலை வெயில் ஏறும் முன் கிணற்றடியில் சற்று நின்றால், செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து மெல்லிய, கூர்மையான 'ட்சிட் ட்சிட்' குரல் கேட்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடல், பத்து கிராமுக்கும் குறைவான எடை, கீழ்நோக்கி வளைந்த மெல்லிய அலகு. அதுதான் தேன்சிட்டு.

இதை 'ஹம்மிங் பறவை' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த இனம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. நம் சிட்டுக்கு அது உறவுகூட இல்லை. பூத்தேனை உண்டு வாழும் பிழைப்பு ஒன்றாக இருப்பதால் இரண்டுக்கும் அலகும் நாக்கும் ஒரே மாதிரி அமைந்துவிட்டன. அது அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றிக்கொண்டு, தேவைப்பட்டால் தலைகீழாகத் தொங்கிக் குடிக்கும். அந்தரத்தில் சில நொடிகள்தான் நிற்கும்.

நம் பகுதியில் அதிகம் காணப்படுபவை இரண்டு வகை. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்கு உச்சியில் பச்சை மினுமினுப்பு, தொண்டையில் ஊதா, வயிற்றில் மஞ்சள். ஊதாத் தேன்சிட்டின் ஆண் நிழலில் கன்னங்கரேல் என்றிருக்கும்; வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக ஒளிரும். பெட்டைகள் இரண்டிலும் மேலே பழுப்பு, கீழே வெளிர் மஞ்சள். இன்னும் நீண்ட அலகுடன் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதற்கு லோட்டன் தேன்சிட்டு என்று பெயர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் நினைவாக வைத்த பெயர் அது.

அந்த மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய இழைகளுக்குள் கறுப்பு நிறமித் துகள்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில மங்கிவிடுகின்றன. பறவை கழுத்தைச் சற்றுத் திருப்பினாலே நிறம் மாறுவது இதனால்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆண் இந்தப் பகட்டை உதிர்த்துவிட்டு, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்ச, பெட்டையைப் போலவே ஆகிவிடும்.

மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவிக்கும் இந்தச் சிட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதன் குழல் போன்ற பூவுக்குள் அலகை நுழைத்துக் குடிக்கும்போது நெற்றியில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போய்ச் சேர்கிறது. எல்லாப் பூவிடமும் இந்த நேர்மை கிடையாது. செம்பருத்தியில் பல நேரம் பூவின் அடியில் துளையிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதன் கைவண்ணம் முழுவதும் கூட்டில்தான் தெரியும். ஆண்டில் பல மாதங்களில் கூடு கட்டினாலும், மாசி முதல் வைகாசி வரை அதிகம் கண்ணில் படும். கட்டுவது பெட்டை. ஆண் பக்கத்துக் கிளையில் பாடிக்கொண்டு உடன் வரும். தாழ்வாரத்து ஒட்டடையில் பெட்டை அலகால் ஓர் இழையைக் கவ்விப் பின்னோக்கி இழுக்கும். அது சுருண்டு அலகில் சேர்ந்ததும் பறந்துபோய்க் கிளை நுனியில் சுற்றும். அந்த முடிச்சிலிருந்துதான் மொத்தக் கூடும் தொங்க வேண்டும். பிறகு நார், காய்ந்த புல், பட்டைத் துணுக்கு, கம்பளிப்புழுவின் எச்சம் என்று எது கிடைத்தாலும் சிலந்தி இழையால் ஒட்டிக் கட்டும். உள்ளே புகுந்து மார்பால் அழுத்தி அழுத்தி வயிற்றை அகலப்படுத்தும். கடைசியில் அது பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைப் போலத் தொங்கும். பக்கவாட்டில் ஒரு வாசல், வாசலுக்கு மேலே மழை இறங்காமல் ஒரு சிறு தாழ்வாரம், உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. கீழே துணுக்குகள் வால்போல் தொங்குவதால், தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். காக்கையும் செண்பகமும் ஏமாறுவதற்கு அந்தத் தோற்றமும் உதவுகிறது.

பெரும்பாலும் இரண்டு முட்டை. பெட்டை இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடைகாக்கும். குஞ்சு வளர வளரச் சிலந்தி இழை அறுபடாமல் நீண்டு கொடுக்கும், கூடும் பெருத்துக்கொள்ளும். குஞ்சு வளரத் தேன் போதாது, புரதம் வேண்டும். அதனால் தாயும் தந்தையும் நாள் முழுவதும் சிறு புழுக்களையும் பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிக் கொண்டுவந்து ஊட்டும்.

பூச்செடி நட்டும் தேன்சிட்டு தங்கவில்லை என்று வருந்துபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒட்டடை முழுவதையும் அடித்து, கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும் பூச்சிமருந்து தெளித்த கொல்லையில் பூ இருக்கும். கூடு கட்ட இழையும் குஞ்சுக்கு இரையும் இருக்காது. சிட்டு வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் பெருமளவில் சாய்ந்தன. பெரிய மரத்தை மீண்டும் வளர்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். தேன்சிட்டுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் உயரச் செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச் செடி, வேலியோரம் ஒரு முருங்கை போதும். துணி காயப்போடும் கொடியில்கூட அது கூடு கட்டும்.

உங்கள் கொல்லையில் கூடு தென்பட்டால், குஞ்சுகள் பறந்துபோகும் வரை அந்தக் கிளையை வெட்டாதீர்கள். கொடியில் கட்டியிருந்தால் துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள். படமெடுக்க இலைகளை விலக்கினால் காக்கைக்கு வழிகாட்டியதாகிவிடும். வீட்டுக்குள் ஒட்டடை அடியுங்கள். கொல்லை மூலையில் இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.