சம்பளம் பெறும் மாணாக்கர்

சம்பளம் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் கட்டுவதும் சம்பளமே. வேலைக்கூடத்தில் நாம் பெறுவதும் சம்பளமே. ஒருவனே ஒரே காலத்தில் மாணாக்கனாயிருந்து சம்பளம் பெறுவான் என்பது நம்மிற் பலருக்குப் புதுமையாகத் தோன்றும். எனினும், உயர்தரப் பள்ளி வயதுடைய பிள்ளைகள் தம் ஊர்த் தொழிலகங்களில் வேலை பழகி, கல்வியும் விடாது, மாத ஊதியமும் பெறும் முறை சில தேசங்களில் வேரூன்றியுள்ளது. ஸ்விட்ஸர்லாந்தில் அது நடைபெறுமாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பண்டைக்காலத்துத் தொழிற்பயிற்சி இதற்கு முற்றும் மாறானது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம், ஏழாண்டு பயிலாதவன் தொழில் நடத்தலாகாதென விதித்தது. அவ்விதி 1814இல் நீக்கப்பட்டது. அக்காலத்தில் பல தொழில்களிற் பெற்றோரே எஜமானருக்குப் பணங்கொடுத்துப் பிள்ளையை ஒப்புவிப்பர். உணவும் உறையுளும் கிடைக்கும். கூலி கிடைப்பது அரிது. எஜமானர் நல்லவராயின் தொழில் வரும். அல்லராயின் தண்ணீர் சுமப்பதும் கடை பெருக்குவதுமே பிள்ளை கற்ற வித்தையாக முடியும். இக்குறையை நீக்கும் வழி யாது என்பதே இம்முறையின் உயிர்நிலையான வினா.

ஸ்விட்ஸர்லாந்தில் தொழிற்பயிற்சிக்கென நாடு முழுமைக்குமான முதற்சட்டம் 1930இல் இயற்றப்பட்டு 1933இல் நடைமுறைக்கு வந்தது. இப்பொழுதுள்ள சட்டம் 2004 முதல் நடைபெறுகின்றது. அங்குக் கட்டாயக் கல்வி ஏறக்குறைய 15ஆம் வயதில் முடிகின்றது. பின்னர் இளைஞருள் மூன்றில் இரு பங்கினர் தொழிற்கல்வியிற் புகுகின்றனர். தச்சு, ரொட்டி சுடுதல், கடிகாரம் செய்தல் முதலியன மட்டுமல்ல. வங்கி அலுவல், நோயாளர் பராமரிப்பு, கணிப்பொறி என ஏறத்தாழ 250 தொழில்கள் இதில் அடங்கும். பிள்ளை ஒரு தொழிலைத் தெரிந்துகொள்ளுமுன் சில நாள் அவ்விடஞ் சென்று பார்த்துப் பழகலாம். இதற்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயர் ‘மோந்து பார்க்கும் பயிற்சி’ எனப் பொருள்படும். நம் சமையற்கட்டுக்கும் பொருந்தக்கூடிய பெயர்!

தொழிலைத் துணிந்தபின் உடன்படிக்கை எழுதப்படுகின்றது. முதலாளியும், பயில்வோனும், அவன் வயது வராதவனாயின் பெற்றோரும் கையொப்பமிடுவர். ‘கான்டன்’ எனப்படும் மாகாண அரசாங்கத்தார் அதை ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பர். முதல் ஒன்று முதல் மூன்று மாதம் வரை சோதனைக்காலம். பயிற்சி தொழிலுக்குத் தக்கவாறு இரண்டு, மூன்று அல்லது நான்கு ஆண்டு நீடிக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் தொழிலகத்திலும், எஞ்சிய ஓரிரு நாள் பள்ளியிலும் கழியும். இவையன்றித் தொழில்துறைச் சங்கத்தார் இடையிடையே நடத்தும் வகுப்புக்களும் உண்டு. கற்பிக்கும் தொழிலாளியும் கற்பிக்கும் முறையைத் தனியே பயின்றிருத்தல் வேண்டும். தொழிலோடும் பயிற்சியோடும் இயைபில்லாத வேலையைப் பிள்ளைமேற் சுமத்தலாகாதென்று சட்டம் தடுக்கின்றது. தண்ணீர்க்குடம் இவ்வாறு இறக்கிவைக்கப்பட்டது. இருபது வயது நிரம்பும் வரை ஆண்டுக்கு ஐந்து வாரம் ஊதியத்தோடு விடுமுறையும் உண்டு.

ஊதியமோ ஆண்டுதோறும் உயர்வது. பல தொழில்களில் முதலாண்டில் மாதம் சில நூறு பிராங்க். கடைசியாண்டில் ஆயிரத்துக்கு மேல். தேர்ந்த தொழிலாளி பெறுவதில் இது ஒரு சிறு கூறே. ஒன்றுமறியாப் பிள்ளைக்குச் சம்பளமும் கொடுத்து வித்தையும் கொடுக்க முதலாளி ஏன் இசைகின்றார்? முதலாண்டில் அவருக்கு நஷ்டமே. மரம் வீணாகும், மாவு கருகும், கற்பிப்போர் பொழுதும் செலவாகும். கடைசியாண்டிலோ பிள்ளை ஏறக்குறையத் தேர்ந்தவன் செய்யும் வேலையைக் குறைந்த ஊதியத்திற் செய்கின்றான். பயிற்சி முடிவதற்குள்ளேயே பெரும்பாலான ஸ்விஸ் தொழிலகங்கள் ஈடுகாண்கின்றன என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஜெர்மனியில் சராசரியாக முதலாளிக்குச் செலவே மிகுதி. பயின்றவர் பின்னும் தம்மிடம் நிற்பர் என்னும் நம்பிக்கையால் அவர் அதைப் பொறுக்கின்றார். ஆக, ஊதியம் பிள்ளைக்கு அளிக்கும் பரிசு மட்டுமன்று. கொடுத்த பணம் திரும்ப வேண்டுமாயின் கற்பித்தே தீரவேண்டும் என முதலாளியைப் பிணிக்கும் கயிறும் அதுவே என்பது நமது துணிபு.

இஃதிவ்வாறாக, பதினைந்து வயதிற் பட்டறை புகுந்தவனுக்கு மேற்படிப்பின் வாயில் அடைபட்டதோ என்னும் ஐயம் எழும். 1980களில் இலங்கையினின்று அங்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இவ்வையம் எழுந்தது இயல்பே. கல்வியென்றால் சர்வகலாசாலை என்று எண்ணியவரன்றோ நாம்? இதற்கு விடையாக 1990களில் ‘தொழில்சார் மெட்ரிகுலேஷன்’ என்னத்தக்க ஒரு பரீக்ஷை ஏற்படுத்தப்பட்டது. பயிற்சியோடோ அதன் பின்னரோ அதிற் தேறினோர் தொழில்நுட்ப உயர்கலாசாலைகளிற் சேரலாம். மேலும் ஒரு பரீக்ஷை தேறின் சர்வகலாசாலையிலும் புகலாம். யூ.பி.எஸ். என்னும் பெரிய வங்கியின் தலைமை நிர்வாகியாக விளங்கிய ஸெர்ஜியோ எர்மோட்டி, லுகானோ நகரத்து வங்கியொன்றிற் பயிற்சிப் பிள்ளையாகவே தொடங்கியவர். எனினும், வாயில் திறந்திருத்தல் வேறு, நுழைவார் பலராதல் வேறு. பதினான்கு வயதில் வாழ்நாட்டொழிலைத் தெரியச் சொல்வது கடுமையே என்று நாமும் கருதுகின்றோம்.

இம்முறையைக் கண்டு அமெரிக்காவில் கொலராடோ நாட்டார் 2016இல் ‘கேரியர்வைஸ்’ என்னும் ஸ்தாபனத்தை நிறுவினர். 2017இல் முதல் மாணாக்கர் வேலை பழகத் தொடங்கினர். அங்குப் பிள்ளைகள் உயர்தரப் பள்ளியை விடுவதில்லை. பதினோராம் வகுப்பில் தொடங்கி, பள்ளி முடிந்தபின் ஓராண்டும் சேர்த்து மூன்றாண்டு பயில்கின்றனர். இடர்ப்பாடு அம்மூன்றாம் ஆண்டிலேதான். பள்ளி முடிந்ததும் தோழர்கள் கலாசாலைக்குச் செல்லக் காணும் பிள்ளையின் மனமும் அங்கே சாயும். முதலாளி தம் செலவுக்கு ஈடுகாண வேண்டிய ஆண்டோ அதுவே. கலாசாலைப் பாடங்கள் சிலவற்றைப் பயிற்சியோடு இணைத்து, பிள்ளை கடன்படாமல் அவற்றைப் படிக்க அங்கு வழி செய்துள்ளனர்.