எல்லைக் கல்லும் மதுப் புட்டியும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் கலந்து பேசும் ஊர். மாலையில் அங்கே உலாவச் சென்றால் சிறு காகிதப் பெட்டிகள் காலில் இடறும். பழரசம் என்று எண்ணிவிடாதீர்கள்! கன்னட எழுத்துப் பொறித்த மதுப் பெட்டிகள் அவை.

இந்த எல்லைத் தொல்லை நேற்று முளைத்ததன்று. 1937-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது சேலம் ஜில்லாவில்தான். ஓசூர்த் தாலூகா அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜியோ அதே தாலூகாவின் தொரப்பள்ளியில் பிறந்தவர். ஆனால் எல்லைக்கு அப்பால் மைசூர் ஸமஸ்தானத்தில் கடைகள் திறந்தே இருந்தன. (வருமான நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் பிறந்த விற்பனை வரி மட்டும், பெயர் மாறினாலும், நம்மை விட்டுப் பிரியவேயில்லை!)

சட்ட அறிஞர்களுக்கு இங்கே ஒரு சுவையான சிக்கல் உண்டு. மதுவைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் அருந்துவதும் குற்றமென்றது சட்டம். ஒருவன் எல்லைக்கு அப்பால் சென்று குடித்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினால்? அவன் வயிற்றைப் பாத்திரமாகக் கருத முடியுமா? பின்னர் சேர்க்கப்பட்ட 4-ஏ பிரிவு, போதையுடன் காணப்படுவதையே குற்றமாக்கிற்று. சரி, போதையை எப்படி நிரூபிப்பது? வாயில் வாடை, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவை மட்டும் போதா என்று 1971-இல் பச்சுபாய் காரியானி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இரத்தமோ சிறுநீரோ பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். கிராமத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் போதையில் பாதி இறங்கிவிடுகிறது.

வேறொரு பிரிவு இதைவிடக் கடுமையானது. கைவசமுள்ள மதுவுக்குத் திருப்தியான சமாதானம் கூற இயலாதவன் குற்றம் செய்தவனாகவே ஊகிக்கப்படுவான். நிரூபிக்கும் பாரம் சர்க்காரின் தோளிலிருந்து குடிமகனின் தோளுக்கு மாறுகிறது. கள்ளக் கடத்தல்காரனைப் பிடிக்க இது அவசியம் என்பார்கள். ஆனால் புருஷன் கொல்லைப்புறமாக ஓடிவிட, அடுப்பங்கரையில் அகப்பட்ட புட்டிக்கு யார் சமாதானம் சொல்வது?

தண்டனையைப் பெருக்கினால் சட்டம் நிலைக்குமா? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெதனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரை மாய்த்தது. உடனே அசெம்பிளி, சாவு விளைவிக்கும் சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டத்தைத் திருத்திற்று. விஷம் விற்றவனுக்கு அது தகும். குடித்தவனைச் சிறையிலடைப்பது வேறு சங்கதி. 2016 முதல் மதுவிலக்கு நடத்தும் பிகாரில் வழக்குகள் மலைபோல் குவிந்தன. முன்யோசனையின்றி வகுத்த சட்டத்துக்கு அதை உதாரணமாகக் காட்டினார் அப்போதைய பிரதம நீதிபதி ரமணா. 2022-இல் பிகார் சர்க்கார், முதன்முறை குடித்துப் பிடிபட்டவனை அபராதத்துடன் விடச் சம்மதித்தது.

அமெரிக்காவிலும் அண்டை அயலின் ஒத்துழைப்பு இல்லாமற்போயிற்று. தேசம் முழுவதும் மதுவிலக்கு இருக்கையிலேயே, நியூயார்க் ராஜ்யம் 1923-இல் தன் அமல் சட்டத்தை ரத்து செய்தது. எல்லைக்கு அப்பாலுள்ளவன் மனம்வைக்காவிட்டால் இப்பாலுள்ள போலீஸ்காரர் எத்தனை பைகளைத்தான் சோதிப்பார்?

நமது மாகாணத்தில் 1948-இல் முழுமை பெற்ற மதுவிலக்கு, 1971-இல் தளர்ந்து, 1974-இல் இறுகி, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1937-ஆம் வருஷத்துச் சட்டமோ இன்றும் 'மதுவிலக்கு' என்ற பெயருடனேயே வாழ்கிறது. 2003 முதல் சர்க்கார் கடைகள் சில்லறையில் மது விற்பதும் அதே சட்டத்தின் நிழலில்தான்!

சென்ற வருஷம் நம் வகுப்புப் பையன் ஒருவன், கூலி நாளுக்கு மறுநாளெல்லாம் பள்ளிக்கு வராமலிருந்தான். விசாரித்தபோது அவன் தாயார் புட்டியைப் பற்றிச் சொன்னாள். போலீஸில் புகார் செய்யலாமே என்றோம்.

"அபராதம் போட்டா அதையும் நான்தானேங்க கட்டணும், வாத்தியாரய்யா?" என்றாள்.

சட்டப் புஸ்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பையனை மறுநாள் தவறாமல் அனுப்பும்படி மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.