புளோகாமஸ்: பாறையிலும் ஏட்டிலும் மிஞ்சிய ஒரு பெயர்

உரோமப் பேரரசின் பெரிய ஆளுநர்களைப் பற்றி நூல்கள் நிறையவே உண்டு. அன்னியஸ் புளோகாமஸ் அந்த வரிசையில் வருபவர் அல்லர். எகிப்து மாகாணத்தை ஆண்டவரும் அல்லர். அதன் செங்கடல் பக்கத்து வரியைக் குத்தகைக்கு எடுத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் இலங்கை வரலாறு எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போக முடிவதில்லை.

குத்தகை என்றால் எம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. அரசுக்கு ஒரு தொகையை ஒப்புக்கொண்டுவிட்டு, வரியைத் தானே வசூலித்து, மிஞ்சுவதை மடியில் கட்டிக்கொள்வது. கீழைத்தேயச் சரக்கு உரோம எல்லைக்குள் நுழைந்தால் அன்று 25 வீத வரி. மிளகும் முத்தும் வந்த வழியில் நாலிலொரு பங்கு! கை வைத்தவர் ஏழையாக இருந்திருக்க முடியாது.

இவருடைய கதையைச் சொல்பவர் பிளினி; கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். 37 பாகங்கள் கொண்ட அவரது இயற்கை வரலாற்றின் ஆறாம் பாகத்தில் இது வருகிறது. புளோகாமஸ் விடுதலை செய்த அடிமை ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலோட்டி வந்தபோது வடகாற்றில் அகப்பட்டார். கார்மேனியாவைக் கடந்து, பதினைந்தாம் நாள் தப்ரபேனின், அதாவது இலங்கையின், ஹிப்பூரோஸ் துறையில் ஒதுங்கினார். நாவலப்பிட்டியில் ஜூன் மாதம் எமது கூரைகளை அறைகிறதே தென்மேல் பருவக்காற்று, இந்தக் கடல்வழிக்கே உயிர் அதுதான். ஆனால் பிளினி சொல்வது வடகாற்றை.

உரோமச் சட்டத்தில் விடுதலை பெற்ற அடிமை பழைய எஜமானின் குடும்பப் பெயரைச் சூடிக்கொள்வார், தொடர்பும் அறுந்துவிடாது. எமது ஃபிக்ஹில் மவ்லா, வலா என்று படிக்கிறோமே, ஏறக்குறைய அந்த உறவு. ஆகவே அவர் வந்தது எஜமானின் வியாபாரமாகத்தான் இருக்கும்.

மன்னன் அவரை ஆறு மாதம் விருந்தாளியாக வைத்திருந்தான். அதற்குள் அவர் இவ்வூர் மொழியைக் கற்றுக்கொண்டாராம். அவரிடமிருந்த வெள்ளி தெனாரிகளில் வெவ்வேறு பேரரசர்களின் முகங்கள் இருந்தன, எடை மட்டும் ஒன்றே. அதைக் கண்டு வியந்த மன்னன், இராக்கியாஸ் என்பவர் தலைமையில் நால்வரை உரோமுக்குத் தூதனுப்பினான். இந்த நாட்டில் அடிமைகளே இல்லை என்றும் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதை அப்படியே நம்ப முடியாது; அடிமைகள் இருந்ததற்குப் பாளி நூல்களே சாட்சி.

இதெல்லாம் கிளாடியஸ் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், நடந்ததாக பிளினி சொல்கிறார். இங்கேதான் சிக்கல். நைல் நதியிலிருந்து பெரனிக்கே துறைமுகத்துக்குப் போகும் பாலைவன வழியில் வாதி மெனிஹ் என்ற இடத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு கிடைத்தது, 1950களில் வெளியிடப்பட்டது. 'புப்ளியஸ் அன்னியஸ் புளோகாமஸின் அடிமை லீசாஸ் இங்கு வந்தேன்' என்ற பொருளில் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் பொறித்திருக்கிறார்கள். அதன் காலம் கி.பி. 6 ஜூலை, ஒகஸ்டஸின் ஆட்சி. குத்தகைக்காரர் இவரேயென்றால் பயணம் பிளினி சொன்னதற்கு ஒரு தலைமுறை முந்தியதாக இருக்கலாம், தூது மட்டும் பிந்தியிருக்கலாம். இல்லையென்றால் இரண்டாமவர் அதே குடும்பத்தவர். எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது. பாதிகாபய மன்னன் உரோமநுக நாட்டிலிருந்து பவளம் தருவித்தான் என்று மகாவம்ச உரை கூறுகிறது. அவன் காலத்தை ஒகஸ்டஸை ஒட்டியதாகவே பலர் கணிக்கின்றனர்.

ஹிப்பூரோஸ் குதிரைமலைதான் என்பது பழைய முடிவு. கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' குதிரை. புத்தளத்துக்கு வடக்கே குதிரைமலை முனை. பிறகென்ன என்று கேட்பார்கள். தமிழ் படித்தவனுக்கு இப்படிப்பட்ட பொருத்தம் கற்கண்டு மாதிரி. ஆனால் 'ஹிப்பூரோஸ்' என்றால் குதிரைவால், ஒரு மீனுக்கும் அதே பெயர். 'மலை' அதில் எங்குமில்லை. இடம் சரியாக இருக்கலாம். சொல்லை வைத்து மட்டும் அதை நிறுவ முடியாது.

இதே அவசரம் எமது பக்கத்திலும் உண்டு. பிளினியைக் காட்டி, அன்றே அராபியர் இங்கு குடியிருந்தார்கள் என்று எழுதுவோரைக் காண்கிறோம். அந்தக் கதையில் அரேபியா வருவது கப்பல் சுற்றிவந்த கரையாக மட்டுமே. எம் இருப்பைக் கேள்வி கேட்கிறவர்கள் பெருகும் காலத்தில் இல்லாத சான்றைத் தூக்கிக் கொண்டு போனால், இருக்கும் சான்றையும் அவர்கள் சந்தேகிப்பார்கள். கொழும்பில் கிடைத்த ஹிஜ்ரி 337ஆம் ஆண்டுக் கல்வெட்டு, காலித் இப்னு அபீ பகாயாவின் பெயரோடு, கூபி எழுத்தில் தெளிவாக இருக்கிறது. அதை எத்தனை பேர் எடுத்துக் காட்டுகிறோம்?

நாணயங்களும் பிளினிக்கு முழுத் துணை நிற்கவில்லை. இந்நாட்டில் கிடைத்த உரோமக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். மன்னனை மயக்கிய அந்த வெள்ளித் தெனாரிகள் அபூர்வம். தென்னிந்தியாவில் அவை குடம் குடமாகக் கிடைத்திருக்கின்றன. சரக்கு அங்கே கைமாறி, அங்கிருந்து இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஆறு மாதம் இங்கு தங்கி மொழி கற்ற அந்த மவ்லாவின் பெயரை பிளினி எழுதவில்லை. எஜமானின் பெயரை மட்டும் எழுதினார். லீசாஸ் தன் பெயரைத் தானே பாறையில் எழுதிவிட்டுப் போனார்.