‘எல்லாம் நார்மல்’ என்ற தீர்ப்பு

பெங்களூரின் கிழக்கு விளிம்பில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கும் வைட்ஃபீல்டில் மருத்துவ வசதிக்குப் பஞ்சமில்லை. 2001 முதல் கட்டணமின்றிச் சிகிச்சை அளித்துவரும் சத்ய சாயி உயர் மருத்துவ நிலையமும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், ஸ்கேன் மையங்களும் அங்கே உள்ளன. எனினும் மாதக்கணக்கில் நீடிக்கும் அடிவயிற்று வலியோ உடம்பெங்கும் பரவிய வலியோ கொண்ட பெண்களைப் பொறுத்தவரை, பிற நகரங்களைப் போலவே இங்கும், பரிசோதனைகள் பெருகிய அளவுக்குச் செவிசாய்ப்பது பெருகவில்லை. ‘ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல், டென்ஷன் எடுத்துக்காதீங்க’ என்பதோடு பல சந்திப்புகள் முடிந்துவிடுகின்றன.

அந்த வாக்கியம் சொல்வது என்ன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பரிசோதனை தான் தேடியது கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்லும். வலி இல்லை என்று சொல்லாது. கருப்பையின் உள்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இதற்குத் தெளிவான சான்று. சூலகத்தில் அது கட்டியாகத் திரண்டிருந்தால் ஸ்கேனில் தென்படும். வயிற்றறையின் உட்சவ்வில் சிறு புள்ளிகளாகப் படிந்திருந்தால் பெரும்பாலும் தென்படாது. உலகில் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் ‘மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லப்படுவதால், நோய் கண்டறியப்படாமலே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

வேறு சில வலிகளில் திசுவில் எந்தச் சேதமும் இராது. வலியுணர்வைக் கடத்தி மட்டுப்படுத்தும் நரம்பு மண்டலத்தின் செயல்பாடே மாறியிருக்கும். உடலெங்கும் வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை சேர்ந்துவரும் ஃபைப்ரோமயால்ஜியா இவ்வகையைச் சேர்ந்தது. இதனை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. உடலின் 19 இடங்களில் எங்கெங்கே வலிக்கிறது, உறக்கமும் களைப்பும் எப்படி என்று கேட்டு மதிப்பெண் இடும் முறையை அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் அமைப்பு 2010இல் வகுத்தது. கேள்வி கேட்பதே பரிசோதனையாக அமைந்த நோயில், கேட்க நேரமில்லாத மருத்துவருக்கு நோய் புலப்படுவதில்லை.

இந்தப் பாராமுகத்துக்கு ஆய்வுலகமும் பொறுப்பாளியே. வலி குறித்த முன்னணி ஆய்விதழ் ஒன்றில் பத்தாண்டுகளில் வெளியான விலங்கு ஆய்வுகளுள் 79 விழுக்காடு ஆண் விலங்குகளை மட்டுமே கொண்டு நடத்தப்பட்டவை என்று 2005இல் கணக்கிடப்பட்டது. அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்றில் வயிற்று வலியோடு வந்த ஆண்கள் வலிமருந்துக்காக 49 நிமிடமும் பெண்கள் 65 நிமிடமும் காத்திருந்ததாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்தியாவில் இந்தப் பாராமுகத்தின் ஆழத்தை முதலில் வெளிக்கொணர்ந்தவர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் பணியாற்றிய மருத்துவர் ராணி பங். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து 1989இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் அல்லது பாலியல் நோய் ஏதேனும் ஒன்று இருந்தது. அதற்குமுன் மகளிர் மருத்துவப் பரிசோதனை கண்டிருந்தவர்களோ 8 விழுக்காட்டினரே. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. பெண்களின் நாட்பட்ட சோர்வு இரத்தசோகையோடு தொடர்புறவில்லை. கடன், பசி, கணவனின் வன்முறை, மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தது. மனத்துக்குப் பங்கிருப்பதால் உடலின் துன்பம் பொய்யாகிவிடாது. சிகிச்சையில் இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதே இதன் பொருள்.

கேளாமை எப்போதும் அலட்சிய வடிவிலேயே வருவதில்லை, கத்தியின் வடிவிலும் வரும் என்பதைக் கர்நாடகமே கண்டிருக்கிறது. வயிற்று வலி, முதுகு வலி, வெள்ளைப்படுதல் என்று சென்ற லம்பாணி சமூகப் பெண்கள், தலித் பெண்கள் பலருக்குக் கலபுரகிப் பகுதித் தனியார் மருத்துவமனைகளில் தேவையின்றிக் கர்ப்பப்பை நீக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. பாதிக்கப்பட்டோர் 2017இல் திரண்டு போராடினர். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த இத்தகைய அறுவைகள் குறித்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவைப்பதும் ‘எடுத்துவிடலாம்’ என்று அவசரப்படுவதும் வேறுவேறு பிழைகளாகத் தோன்றினாலும், வலி எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, வாழ்க்கையில் எதைத் தடுக்கிறது என்று கேட்காமல் விட்டதே இரண்டுக்கும் வேர்.

2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியல், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, வேறொரு நோயின் அறிகுறியாக மட்டுமன்றித் தானே ஒரு நோயாகவும் இருக்கக்கூடும் என்று ஏற்றிருக்கிறது. எனவே காரணம் கண்டறியப்படவில்லை என்பது இனி சிகிச்சையை மறுப்பதற்கான காரணமாக முடியாது. வலிக்கும் நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் குறித்துக்கொண்டு செல்லும் பெண், ‘இந்தப் பரிசோதனையில் தெரியாத நோய்கள் எவை, அடுத்து என்ன செய்யலாம்?’ என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்வது மருத்துவரின் கடமை.