உங்களுக்குத் தெரியுமா? தோல்முட்டை வருவது ஏன்?

கோழியின் வயிற்றில் முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். ஓர் ஓட்டுக்கு 2 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் இராத்திரியில், இரை இல்லாத நேரத்தில் நடப்பதால், தன் எலும்பிலிருந்தே கோழி சத்தைக் கடன் வாங்குகிறது. வெறும் நொய்யும் கம்பும் போட்டால் அந்தக் கடன் அடையாது. கையில் எடுத்ததும் அமுங்கும் தோல்முட்டைதான் மிஞ்சும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

கத்திரி வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சிரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைவதாலும் ஓடு மெலியும். புதிதாக முட்டையிடும் விடைக்கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை இட்டால் பதற வேண்டாம். முட்டை வராமல் முக்கிக்கொண்டே இருந்தால் மட்டும், கைவைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.