பேரத்தில் வல்லவன் யார்?

எதிராளியை ஏமாற்றிக் காரியத்தைச் சாதித்துக்கொள்வதே பேரத்தின் சாமர்த்தியம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை என்போம் நாம்.

தென்னூரிலிருந்து மலைக்கோட்டையை நோக்குவோர் அதன் சரித்திரத்தைச் சற்றே நினைப்பாராக. 1751-ல் சந்தா சாகிபின் முற்றுகையிற் சிக்கிய முகம்மதலி, படையுதவி புரிந்தால் திருச்சிராப்பள்ளியையே தருவதாக மைசூர் நஞ்சராஜருக்கு இரகசியமாக வாக்களித்தார். 1752-ல் சந்தா சாகிப் மாண்டார். நவாபின் வாக்கும் உடன் மாண்டது. விளைவு யாது? நேற்றைய துணைவர் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து கோட்டையைச் சூழ்ந்தார். 1754 வரை யுத்தம் நீண்டது. நவாபோ ஆங்கிலேயரையே சரணடைந்து கடனில் மூழ்கினார். 1801-ல் கர்நாடக ராஜ்யமே கும்பெனி வசமாயிற்று.

கொடுக்கக் கூடியதையே பேசி, பேசியதைக் கொடுப்பவனே பேரத்தில் வல்லவன். ஒப்பந்தம் பேசப் புகும் தலைவர்கள் இதனை மறவாதிருப்பார்களாக.