கண்ணாடியைச் சரிசெய்யக் கூலி கேட்கலாமா?

தளர்ந்த ஸ்க்ரூவை முடுக்க, அகன்றுபோன காதுக் கம்பியை வளைக்க, நிறம் மாறிய நோஸ் பேடை மாற்ற என்று கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். ஒரு கடையில், “இதுக்கெல்லாம் காசா, போங்க சார்” என்பார்கள். அடுத்த தெருவில் 100 ரூபாய் கேட்பார்கள். இன்னொரு கடையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது எங்க ஃபிரேம் இல்லையே” என்று திருப்பிக் கொடுப்பார்கள். இதில் எது நியாயம்?

கடைக்காரர் தாம் விற்ற கண்ணாடியை முகத்துக்குப் பொருத்தித் தருவது விற்பனையின் ஒரு பகுதி. அதற்குத் தனிக் கூலி கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு இடத்தில் வாங்கியதற்கும், உதிரிபாகம் போட்டுச் செய்யும் பழுதுக்கும் அவர் கூலி கேட்கலாம். ஆனால் தொகையையும் ஆபத்தையும் கை வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தையல்காரர் தாம் தைத்த சட்டையைப் பிடித்துக் கொடுக்கக் காசு வாங்குவதில்லை. ரெடிமேட் சட்டைக்கு வாங்குகிறார். நாம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்?

பொருத்துவதைக் கடைக்காரர் காட்டும் சலுகையாகப் பலரும் நினைக்கிறார்கள். அது பார்வையோடு நேராகத் தொடர்புடைய வேலை. லென்ஸின் ஒளி மையம் கண்மணிக்கு நேரே வரும்படி அளந்துதான் வெட்டிப் பொருத்துகிறார்கள். ஃபிரேம் கோணினால் அந்த மையமும் விலகிவிடும். இரு கண்ணிலும் மைனஸ் 6 பவர் உள்ளவருக்கு ஒரு பக்க லென்ஸ் மட்டும் 5 மில்லிமீட்டர் இறங்கினால், அந்தக் கண்ணுக்கு ஒரு மீட்டர் தூரத்திலுள்ள பொருள் 3 சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். பக்கவாட்டுப் பிசகைக் கண்கள் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மேலும் கீழுமான பிசகைச் சமாளிப்பது மிகக் கடினம். தலைவலி, கண் சோர்வு, சில நேரம் இரட்டைப் பார்வை என்று வந்து நிற்கும்.

சறுக்கலும் அப்படித்தான். மைனஸ் 10 பவர் கண்ணாடி மூக்கில் 5 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் கண்ணுக்குக் கிடைக்கும் பவரில் ஏறக்குறைய அரை பவர் குறைந்துவிடுகிறது. புரோகிரசிவ் லென்ஸில் படிக்கும் பகுதி அடியில் இருப்பதால், கண்ணாடி இறங்கிவிட்டால் முகவாயைத் தூக்கித் தூக்கிப் படிக்க வேண்டியிருக்கும். ‘பவர் ஏறிவிட்டது போல’ என்று நினைத்துப் புதுக் கண்ணாடிக்குக் காசு கட்டுபவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது, கம்பியை வளைக்கும் இரண்டு நிமிட வேலை மட்டுமே.

இதில் எனக்கு மிகவும் கவலை தருபவர்கள் குழந்தைகள். சோம்பல் கண்ணுக்காகக் கண்ணாடி போட்ட பிள்ளை, அது மூக்கில் இறங்கிய பிறகு மேல் விளிம்புக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடி முகத்தில் இருக்கும், சிகிச்சை நடக்காது. சோம்பல் கண்ணைத் திருத்தச் சிறுவயதுதான் ஏற்ற காலம் என்பதால் அந்த மாதங்களை வீணாக்கக் கூடாது. குழந்தைக்குக் கண்ணாடி விற்ற கடை, ஓடி ஆடி வளைத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் பொருத்தித் தர வேண்டும். பெற்றோரும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

கடைக்காரர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய ஷெல் ஃபிரேம் நாளாக ஆக இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். லேசாக வளைத்தாலே தெறிக்கலாம். ரிம்லெஸ் கண்ணாடியில் துளையைச் சுற்றி லென்ஸே விரியலாம். சூடு கூடினால் கோட்டிங் வெடிப்பு விடும். எங்கோ வாங்கிய, எப்படிச் செய்ததென்றே தெரியாத ஃபிரேமை வாங்கி, நேரம் செலவிட்டு, உடைந்தால் பழியும் ஏற்க வேண்டியவர் 50, 100 கேட்பதில் தவறில்லை. செய்ய மாட்டேன் என்று மறுத்தாலும் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. கூலிக்குப் பயந்து வீட்டில் ஃபெவிக்விக் தடவுவது அதைவிட மோசம்: பசையின் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படிந்துவிடும், கீலும் இறுகிப்போகும், பிறகு தேர்ந்த கைக்கும் சரிசெய்ய வழியிருக்காது. ஸ்டவ் தணலில் காட்டி வளைக்கவும் வேண்டாம்.

‘உடைந்தால் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற பலகையைப் பார்த்ததும் பலரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 151ஆம் பிரிவில், பிறர் பொருளை ஒரு வேலைக்காகக் கையில் வாங்கியவர் தம் சொந்தப் பொருளாக இருந்தால் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எடுக்கும் அளவு கவனத்தை எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கூலி வாங்கினாரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. பலகை மாட்டிவிட்டதாலேயே கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. அதே நேரம், ஆபத்தைச் சொல்லி, நாமும் சம்மதித்து, அவர் கவனமாகவே செய்தும் உடைந்தால் அவரைக் குறைகூற இடமில்லை. ஆகவே விலை உயர்ந்த கண்ணாடியைக் கொடுக்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வருவதானால் சீட்டு வாங்குங்கள்.

‘இலவசம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணம் ஏதுமின்றிச் செய்யப்படும் சேவையைத் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத கடையில் சும்மா முடுக்கிக் கொடுத்ததற்கு இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுவது கடினம். கண்ணாடியை விற்ற கடை செய்யும் சேவை வேறு: அதன் விலை பில்லிலேயே அடங்கியிருக்கிறது. ‘ஆயுள் முழுக்க இலவச சர்வீஸ்’ என்று எழுதி விற்றுவிட்டுப் பிறகு காசு கேட்டால் சேவைக் குறைபாடு என்று வாதிட வலுவான இடமுண்டு. அந்த விளம்பரத்தைப் படமெடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். பில்லே தராமல் இருப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டிக் குறையுள்ள பொருளைத் தள்ளிவிடவும் முடியாது. பில்லில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்க மறுப்பதையும் அதே சட்டம் முறையற்றது என்கிறது.

குறை என்றால் முதலில் கடையிலேயே எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் ஆதாரமாகும். லென்ஸின் பவரில் சந்தேகமிருந்தால் பவர் சீட்டோடு வேறொரு கடைக்குப் போனால் லென்ஸ்மீட்டரில் வைத்துச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். அடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 50 ரூபாய்க் கூலிக்காக அவ்வளவு தூரம் அலைவது வீண். 12,000 ரூபாய் புரோகிரசிவ் லென்ஸைக் கீறிவிட்டுக் கைகழுவினால் நிச்சயம் போகலாம்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு நேரில் பொருத்திக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. வாங்கும் முன்பே உள்ளூரில் யார் பொருத்தித் தருவார்கள், அதற்கு என்ன கூலி என்று விசாரித்து அதையும் விலையோடு கூட்டிப் பார்ப்பது நல்லது. குறை இருந்தால், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதிலளித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.